மெகன் வீட்டு ஊற்று

கனடாவில், விட்பியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சோள வயலில் போன கிழமை ஒரு துளையிடும் இயந்திரம் வந்து நின்றது. யன்னலைத் திறந்தால் ஈரக் கல்தூளின் வாசம். வீட்டுச் செருப்போடேயே இறங்கிப் போனேன். செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் ஏதோ எழுதிக்கொண்டு நின்றாள். தமிழ் முகம். என்ன நடக்கிறதென்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அங்கிள், சும்மா மண் பாக்கிறம்" என்றாள்.

திரும்பி வந்து, அவள் பொய் சொல்கிறாள் என்று மனைவியிடம் சொன்னேன். எனக்கு யாரில்தான் சந்தேகமில்லை என்று கேட்டுவிட்டு மனைவி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எப்படித் தெரியும் என்று அவளுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். அதே பொய்யை நானும் ஒருகாலம் சொல்லியிருக்கிறேன்.

கனடாவுக்கு வருமுன் லண்டனில் இருந்தேன். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை, வேல்ஸ் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் கல் அடுக்குவது. துளைக்குள்ளிருந்து கல் நீள உருளையாக வரும். அதை மரப்பெட்டியில் வரிசையாகக் கிடத்தி, எத்தனை மீற்றர் ஆழத்தில் வந்ததென்று எழுதவேண்டும். இயந்திரம் ஓட்டியவர் பருத்தித்துறை ராஜன் அண்ணை. எதற்காகத் துளைக்கிறோம் என்று கம்பனி எங்களுக்கும் சொல்லவில்லை.

"ஆரும் கேட்டால் றோட்டுக்கெண்டு சொல்லு. கூடக் கதையாதை" என்றார் அண்ணை முதல் நாளே.

அங்கே பத்துப் பன்னிரண்டு வீடுகள், மிச்சமெல்லாம் செம்மறியும் மூடுபனியும். குன்றின் உச்சியில் தொப்பி கவிழ்த்ததுபோலக் கறுத்த கடும்பாறை. அதற்குக் கீழே பலகை பலகையாகப் பிளக்கும் சாம்பல் கல். எப்போதோ பனிப்பாறை அரைத்துவிட்டுப் போன பள்ளங்களில் சேறு நிறைந்து, மேலே பாசி படர்ந்து, நல்ல புல்தரைபோலத் தெரியும். நம்பிக் கால் வைத்தேன். என் வலது சப்பாத்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

குன்றடியில் தனியாகச் செம்மறி வளர்த்தவள் மெகன். ஐம்பது வயதிருக்கும். தினமும் நாயோடு வந்து கல்வேலியில் சாய்ந்தபடி எங்கள் பெட்டிகளைப் பார்ப்பாள். கம்பனிதான் அவளை வைத்து எங்களை வேவு பார்க்கிறதோ என்று அண்ணைக்குச் சந்தேகம். எனக்கோ, நாங்கள் ஆடு திருடுகிறோமோ என்று அவள் தன் ஆடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று.

மூன்றாம் கிழமை, கறுத்த பாறை முடிந்து சாம்பல் கல் தொடங்கும் இடத்தில் துளையிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அன்று பின்னேரம் மெகன் நேரே என்னிடம் வந்தாள். தன் வீட்டில் குழாய்த்தண்ணீர் கிடையாது, குன்றடி ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பது, மேலே வெட்டினால் அது வற்றிவிடுமா என்று கேட்டாள். அந்தத் தண்ணீர் வரும் வெடிப்பு விழுந்த கல் என் காலடியில் பெட்டிக்குள் கிடந்தது. வற்றும் என்று எனக்குத் தெரியும். றோட்டுக்குத்தான் பார்க்கிறோம் என்றேன்.

மறுநாள் காலை அவள் ஒரு கூசா நிறைய ஊற்றுத் தண்ணீரும் இரண்டு குவளைகளும் கொண்டுவந்தாள்.

"குடியுங்கோ. என்னத்தை எடுக்கிறியள் எண்டு தெரிஞ்சுகொண்டு எடுங்கோ."

என்னத்தைக் கலந்தாளோ என்று அண்ணை குடிக்கவில்லை. நான் குடித்தேன். பல் கூசும் குளிர். அன்றிலிருந்து அவள் வேலிப்பக்கம் வரவில்லை. துளைகள் முடிந்து நாங்கள் லண்டன் திரும்பினோம்.

ஏழெட்டு வருடம் கழித்து, கனடாவுக்கு விமானம் ஏறுமுன், மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் காரில் போனேன். குன்று இல்லை. கல்லுடைத்து எடுத்த பெரும் பள்ளமும் லொறிப் புழுதியும்தான். மெகன் வீட்டுப் பின்புறம் நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்று நின்றது.

மன்னிப்புக் கேட்கத்தான் கதவைத் தட்டினேன். தலை முழுக்க நரைத்து அவளே வந்து திறந்தாள். அந்த முகத்தைக் கண்டதும், பெரிய வீதிக்கு எப்படிப் போவது என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு வெறும் வானத்தைக் கைகாட்டினாள்.

"அந்தக் குன்றைச் சுத்திக்கொண்டு இடப்பக்கம் போ."

பழக்கத்தில் சொன்னாளா, ஆளை அறிந்துதான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு வந்து காரை எடுத்தேன். யன்னலை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சுற்றிலும் பார்த்தாள்.

"எந்தக் குன்று?" என்றாள்.