கால் தரையில் பாவாதவன்

லெய்த்தே தீவின் சான் ரோக்கே ஊரில் ஜெர்விக்கைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவனுக்குக் கால் தரையில பாவாது" என்பார்கள். திட்டு இல்லை, பெருமை. ரப்பர் செருப்போடு துள்ளி, கூடைப்பந்து வளையத்தைப் பிடித்துத் தொங்கியவன். ஓரத்திலிருந்து ஓடிவந்து எழும்பினால் கீழே இறங்க மறந்துவிட்டானோ என்று தோன்றும். தூரத்திலிருந்து பந்தை எறிவது மட்டும் வராது. "அது வயசானவங்க வேலை" என்று சிரிப்பான். கற்றுத் தொலைத்திருக்கலாம்.

மணிலாவில் தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் மூன்று வருஷம் ஆடினான். எதிரணியின் பெரிய ஆட்டக்காரனை மறிப்பதும், பந்தைப் பறித்துக்கொண்டு பறப்பதும் அவன் வேலை. புது ஒப்பந்தம் பேசி முடிந்திருந்தது. ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தவன், அது கழிந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வெளி ஆட்டம் எதிலும் இறங்கக் கூடாது, இறங்கினால் ஒப்பந்தம் இல்லை. இது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஊர்த்தலைவர் புளோரென்சியோ அவனுடைய ஞானத்தகப்பன். திருவிழாவுக்குப் பன்றி சுட்ட நெருப்பு அணையுமுன்பே அவன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஊரோடு இறுதி ஆட்டம், மானப் பிரச்சினை.

"ஒரே ஒரு ஆட்டந்தானேடா மகனே."

ஜெர்விக் முதலில் மழுப்பினான். வேலியருகே நின்ற ஒருத்தன், "மணிலா தண்ணி குடிச்சவரு நம்ம சிமெண்டுத் தரையில கால வைப்பாரா?" என்று ஒரு போடு போட்டான். அது சுருக்கென்று தைத்தது. போதாக்குறைக்கு, ஞானஸ்நானத்தில் தன்னை ஏந்திய கை எதிரே காபிக் குவளையோடு காத்திருந்தது. அந்தக் கைக்கு மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கு நாக்கு எழும்?

ஜெயித்தார்கள். கடைசிப் பந்தை வளையத்துக்குள் குத்திவிட்டு, மழைநீர் தேங்கிய சிமெண்டில் இறங்கினான். முட்டி படக்கென்று சத்தம் போட்டது. தலைவரே அவனைத் தூக்கி ஜீப்பில் கிடத்தினார். ஆஸ்பத்திரியில் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

மணிலா அணி கேட்டால், வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தான் என்று சொல்வதாக ஊரே சத்தியம் செய்தது. பாதிரியார்கூட, "அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்ற அளவுக்கு ஒத்துக்கொண்டார்.

ஆனால் மறுநாளே முச்சந்தியில் பேனர் எழும்பிவிட்டது. நம் ஊர்ச் சட்டை போட்ட ஜெர்விக் வளையத்தில் தொங்குகிறான். தலைக்கு மேலே "திருவிழா வெற்றி வீரனுக்கு நன்றி", கீழே ஆட்டத் தேதி, மூலையில் தலைவரின் சிரித்த முகம். அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கிலும் போட்டார்கள், மணிலாவும் பார்க்கட்டும் என்று. மணிலாவும் பார்த்தது. அட மடையர்களா! அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை, அத்தனையும் பாசம்.

ஒப்பந்தம் போயிற்று. முட்டி ஆறியது, துள்ளல் திரும்பவில்லை. எறியத் தெரியாதவனை வேறெந்த அணி கூப்பிடும்? தலைவர் சொல்லித்தான் திருவிழா ஆட்டங்களுக்கு விசில் ஊதும் வேலை கிடைத்தது. "அன்னிக்கு மாட்டேன்னிருக்கணும்" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லியே அவனுக்குத் தலை நரைத்தது.

இந்த வருஷம் தையல்காரர் மகன் ரானல், மணிலாவில் புதிதாக ஓர் அணியில் சேர்ந்தவன், ஊருக்கு வந்திருந்தான். தலைவர் தள்ளாத வயதிலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஜெர்விக் வீட்டுக்கு வந்தார். நீ கூப்பிட்டால் அவன் தட்டமாட்டான், வா என்றார். ஆட வராதே என்று ரானலிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஜெர்விக் வழியெல்லாம் மனசுக்குள் உருப்போட்டுக்கொண்டே போனான்.

ஜெர்விக்கைக் கண்டதும் வீட்டு வாசலில் ரானல் எழுந்து நின்றான். "அண்ணே, ஒப்பந்தத்துல கூடாதுன்னு போட்டிருக்கு. ஒங்களுக்குத் தெரியாததா? நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன்."

ஜெர்விக் திரும்பிப் பார்த்தான். ஜீப்பில் இருந்தபடி தலைவர் கையை ஆட்டினார். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன கை.

"ஒரே ஒரு ஆட்டந்தானே தம்பி" என்றான் ஜெர்விக்.