நான் போகாத வீடு

போகாத ஒரு வீட்டுக்குப் போனதாக நான் எழுதினேன். அங்கே ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகவும் எழுதினேன். அதற்கு எனக்குப் பாராட்டும் கிடைத்தது!

முப்பது வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் சொல்லவில்லை. பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, "பொய் சொன்னேன் சுவாமி" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன் போலும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் அப்பாவுக்குக் கிடைத்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இளைஞர் நலப் பணியில் பட்டப்படிப்பு, எனக்கு அது கடைசி ஆண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. மண்ணூர்பேட்டையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் இளம்பெண்கள் மையத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள்.

அங்கே தையல் பழக ஸ்டெல்லா வந்தாள். பதினெட்டு வயது, வீடு கள்ளிக்குப்பத்தில். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி செய்து வைத்திருந்தாள். தகப்பன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தகப்பனோ அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கும் நினைப்பில் இருந்தார்.

"மிஸ், ஒரு வாட்டி எங்க ஊட்டுக்கு வந்து நைனா கைல பேசுங்க மிஸ். நான் கேட்டா அடிக்க வர்றாரு. படிச்சவங்க சொன்னா கேட்டுக்குவாரு."

"சனிக்கிழமை கண்டிப்பா வரேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தக் 'கண்டிப்பா'!

சனிக்கிழமை தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தம்வரை போனேன். மழை பிடித்துக்கொண்டது என்று சொன்னால் நம்புவீர்கள். மழை இல்லை. கள்ளிக்குப்பம் பேருந்தும் வந்தது. நான்தான் ஏறவில்லை. பயம்! அவர் குடித்துவிட்டுக் கத்துவார் என்று மற்றப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். தெருவே கூடி நிற்க, "நீ யாரு என் பொண்ணப் பத்திப் பேச?" என்று கேட்டுவிட்டால்? எதிர்ப்பக்கம் போய் முகப்பேர் பேருந்தைப் பிடித்துத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை களப்பணிக் குறிப்பேட்டைக் கொடுத்தாக வேண்டும். தோழி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே எழுதினேன். ஒற்றை அறை வீடு. சுவரில் மாதா படம். தாயார் காபி கொடுத்தார். தந்தை முதலில் தயங்கினார். மகளின் எதிர்காலத்தை எடுத்துச் சொன்னதும் மனம் இளகிக் கையெழுத்திட இசைந்தார்... இசைந்தார்! என்ன அழகான சொல்லாகத் தேடிப் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பேராசிரியை அதை வகுப்பில் படித்துக் காட்டினார். குறிப்பு எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றார். வெட்கமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை... பெருமையாக இருந்தது.

குறிப்பின் ஒரு நகல் மையத்துக்கும் போகும். அதை நான் மறந்திருந்தேன். அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டேன். மையத்தை நடத்திய சிஸ்டர் அந்த வாரம் ஸ்டெல்லாவின் வீட்டுக்குத் தாமே போவதாக இருந்திருக்கிறார். எந்தத் தகப்பனையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கக்கூடியவர் அவர். என் குறிப்பைப் படித்ததும், இனிப் போகத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

அடுத்த முறை நான் போனபோது என் எதிரிலேயே அவளைக் கேட்டார். "என்னம்மா, மிஸ் வீட்டுக்கு வந்து பேசினாங்களாமே? அப்பா ஒத்துக்கிட்டாராமே?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தையல் இயந்திரத்தைப் பார்த்தேன்.

"ஆமா சிஸ்டர். வந்தாங்க. நைனா ஒத்துக்கினாரு."

இருவரும் வெளியே வந்தோம். அவளே சொன்னாள்.

"உண்மையச் சொன்னா உங்கள பெயிலாக்கிடுவாங்க இல்ல மிஸ்? ரெண்டு பேரு படிப்பும் இன்னாத்துக்குப் போவணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்போதாவது போனாயா என்று நீங்கள் கேட்பீர்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாள்! கள்ளிக்குப்பம் என்ன கடல் கடந்தா இருக்கிறது? சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அன்றைக்கே புறப்பட்டிருப்பார். நான் சொல்லவில்லை, போகவும் இல்லை. போய், அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடுமே! ஏற்கெனவே பொய்யாக இருந்தது பொய்யாகிவிடும் என்று பயந்தேன். இதைவிட வெட்கங்கெட்ட பயம் உண்டா?

தேதி முடிந்தது. ஆண்டு முடிவில் நான் முதல் வகுப்பில் தேறினேன். அதே துறையில் வேலையும் கிடைத்தது. பிறகு எத்தனையோ பெண்களின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். குடித்தவர்கள் முன்னாலும் நின்று பேசியிருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு வீட்டுக்குக்கூடப் போகாமல் இருந்ததில்லை. அதனால் என்ன? அவற்றில் எதுவும் ஸ்டெல்லாவின் வீடு இல்லையே...

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் முடித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

மையத்தில் என் களப்பணி முடிந்த நாளன்று ஸ்டெல்லா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். உறையின் மேல் என் பெயரை அவளே எழுதியிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. இரண்டு கைகளாலும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"இதுக்காவது வந்துடுங்க மிஸ்."

அதற்கும் நான் போகவில்லை.