சோடாக் காற்றும் கிணற்றுக் காற்றும்

"பொதுமக்கள் ஐயம்: இது எந்தக் காற்று? விளக்கம் அளிக்கப்பட்டது." ஆடி மாத வெள்ளிக்கிழமை நடந்த கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அந்த விளக்கம் என்ன என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. சோடா

புதுச்சேரியில் ஒரு திட்ட அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தேன். என் கடைசிப் பெரிய வேலை கார்பன் திட்டம். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, ஒரு பகுதியைச் சோடா கம்பெனிகளுக்குக் கொடுத்து, மிச்சத்தைக் கடலடிப் பாறைக்குள் செலுத்த வேண்டும். ஆலைக்கு ஒரு குழாய் என்று போடாமல் வட்டாரத்துக்கே ஒரு பைப்லைன். அதன் பாதையை வரைவது எங்கள் பொறுப்பு. எல்லாம் இன்னும் தாளில்தான் இருக்கிறது.

எங்கள் எல்லை ஒட்டுப்போட்ட துணி. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. அடுத்த தோப்பைத் தாண்டினால் மறுபடி நாங்கள். தாண்டும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்தப் பக்கத்து அனுமதி வேண்டும். அதனால் பாதையைக் கூடியவரை நம் பக்கமே வளைத்தோம். வளைத்ததில் ஒரு வால்வு நிலையம், ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்த தெருவை ஒட்டி வந்து உட்கார்ந்தது.

ஊராரிடம் சொல்ல மேலதிகாரி ஒரு வாக்கியம் தயாரித்திருந்தார்: "நீங்க குடிக்கிற சோடாவுல இருக்கிற காத்துதான்." அது பொய்யும் இல்லை.

2. ஆடி வெள்ளி

மாரியம்மன் கோயில் எதிரே பந்தலில் கூட்டம். நாள் குறித்தவர்கள் காலண்டர் பார்க்கவில்லை.

"கூழ் ஊத்துற அன்னிக்குப் பாத்து வந்துருக்கீங்களே சார், காத்து விக்கவா?" என்றார் ஒருவர். எங்களுக்கும் ஆளுக்கொரு சொம்பு கூழ் கொடுத்தார்கள்.

எங்கள் பொறியாளர் ரசியா சோடா வாக்கியத்தைச் சொன்னார்.

"அப்ப வால்வு லீக்கானா ஏப்பம்தான் வரும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பந்தலே சிரித்தது.

அந்தப் பள்ளத்துத் தெருவின் முதல் வீட்டுக்காரர் பச்சையம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"எம்மா, ஒண்ணு கேக்குறேன். எங்க வூட்டுக்காரரு கெணத்துல தூர் வார எறங்குனாரு. வெளக்க எறக்கிப் பாரு, அணைஞ்சா எறங்காதன்னாங்க. கேக்கல. மேல வரவேயில்ல. அந்தக் காத்தா இது?"

மேலதிகாரி மைக்குக்குக் கை நீட்டினார். ரசியா கொடுக்கவில்லை.

"அதுவா இருக்கலாம்க்கா. இது சாதாரண காத்தைவிடக் கனம். பள்ளத்துல தங்கும். சோடாவுல கொஞ்சூண்டு, குழாய்ல நெறைய."

"நான் ரெண்டு புள்ளைங்களோட அந்தப் பள்ளத்துலதாம்மா படுக்குறேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் குறிப்பில் "விளக்கம் அளிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

3. மேடு

திரும்பும்போது ஜீப்பில் மேலதிகாரி ரசியாவிடம் கேட்டார்: "இருக்கலாம்னு ஒரு வார்த்தைய சொல்லி மொத்த வேலையும் காலி பண்ணிட்டியேம்மா. சோடாவோட நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருக்கலாம் சார். அந்த அக்கா வீடு அங்கதான சார் இருக்கும்?"

ரெட்டியார்பாளையம் சிக்னலில் நிற்கும்போது மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "மேடான எடம் எது இருக்கு?"

இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அங்கே வீடுகளும் இல்லை. வால்வு நிலையத்தை வரைபடத்தில் அங்கே மாற்றிக் குறித்தேன். அனுமதி கேட்டுக் கோப்பு எல்லை தாண்டியது. நான் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை. ஆனாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம் என்று மேலதிகாரி ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவம் இது: எல்லைக் கோட்டுக்கு முன்னால் பள்ளத்தைக் குறியுங்கள். அதில் தூங்குகிறவர்களையும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பச்சையம்மாவின் கணவர் உயிரை வாங்கியது கரியமில வாயுதானா என்பது உறுதியாகவில்லை. பழைய கிணற்றில் வேறு வாயுவும் சேரும். அன்று யாரும் அளக்கவில்லை. பிறகு கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். ரசியா சொன்ன "இருக்கலாம்" இன்றுவரை "இருக்கலாம்"தான்.