‘சொல்லிவிடு’ என்ற பட்டன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. அப்போது நான் கோவை பீளமேட்டில், செல்போனில் படிக்கும் கதைகளைத் தயாரிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் எழுத்தாளராக இருந்தேன். எங்கள் கதைகளில் முக்கியமான கட்டம் வரும்போது திரையில் இரண்டு பட்டன்கள் தோன்றும். படிப்பவர் எதைத் தொடுகிறாரோ, நாயகி அதைச் செய்வாள்.

நான் எழுதியது வால்பாறைக் கதை. எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஒருவன். சனிக்கிழமை தோறும் ஒரே பஸ்ஸில் மலையிறங்குவார்கள். வெளியே மூடுபனி, கண்ணாடியில் ஈரம், உள்ளே பேசாமலே பேசிக்கொள்ளும் இரண்டு பேர். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ‘சொல்லிவிடு’, ‘பேசாமல் இரு’ என்று இரண்டு பட்டன்கள். ‘சொல்லிவிடு’ என்பதைத் தொட்டால் அவள் வாயைத் திறப்பாள். அதற்குள் கண்டக்டர் வந்துவிடுவார், இல்லையென்றால் பின்சீட்டில் குழந்தை அழும். எதைத் தொட்டாலும் காதல் சொல்லப்படாது. அந்தத் தவிப்புக்காகத்தான் வாசகர்கள் வாராவாரம் திரும்பி வந்தார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஒருநாள் மத்தியானம் ஒரு வாசகி போன் செய்தார். மேட்டுப்பாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர் என்று பேச்சிலேயே தெரிந்துகொண்டேன்.

“ஏனுங்க அம்மணி, எந்தப் பட்டனைத் தொட்டாலும் அந்தப் புள்ள பேச மாட்டேங்குதுங்களே. என் போன்ல ஏதாச்சும் கோளாறுங்களா?”

கோளாறு இல்லை, கதையே அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷினை நிறுத்தினார்.

“கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு வருஷம் வால்பாறையில நர்ஸா இருந்தேனுங்க. அங்க ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருந்து, சொல்லாமயே வந்துபோட்டேன். இதுலயாச்சும் சொல்லிப் பாக்கலாம்னுதான் அத்தனை வாட்டி அமுக்குனேன். முன்னாடியே எழுதி முடிச்சுப்போட்டு, எதுக்குங்க எங்கிட்ட கேக்கறீங்க?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குரல்தான் காதில். என் நாயகி பேசாமல் இருப்பது அழகு என்று நினைத்திருந்தேன். நான் வாயடைத்தது நாயகியை மட்டுமில்லை, படிப்பவர்களையும்தான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மேலாளரிடம் போனேன். ‘சொல்லிவிடு’ என்று போட்டால் அவள் நிஜமாகவே சொல்ல வேண்டும் என்றேன்.

“சொல்லிட்டா கதை முடிஞ்சுபோச்சுங்களே. அப்புறம் யாரு வருவாங்க?” என்றார். கடைசியில், நான் பிடித்த பிடியில் நின்றதால், ஒரே ஒரு அத்தியாயத்துக்கு ஒத்துக்கொண்டார்.

அவளைச் சொல்லவைப்பது சுலபமாக இருந்தது. அவன் என்ன பதில் சொல்வான் என்பதில்தான் தடுமாறிவிட்டேன். எத்தனையோ விதமாக எழுதி அழித்தேன். இனிப்பாக எழுதியதெல்லாம் பொய்யாகப் பட்டது. கடைசியில், அவன் தலைகுனிந்து, “வேண்டாங்க டீச்சர், எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க” என்கிறான் என்று முடித்தேன்.

அதை வெளியிடுவதற்கு முன்பு அந்த அம்மாவிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். கடையின் வாசலிலிருந்து பார்த்தால் நீலமலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் கரைந்திருந்தது. தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை வாங்கினார். அந்த இடம் வந்ததும் கட்டைவிரல் காற்றில் நின்றது. முப்பது வருடம் கழித்து ஒரு மனுஷியை ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்கவைக்கப் போகிறேனே என்று பயந்தேன்.

தொட்டார். நாயகி சொன்னாள். அவன் பதில் சொன்னான். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அந்த மனுசனும் இதையேதான் சொல்லியிருப்பாருங்க. பயந்தாங்கொள்ளி!”

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு, “கண்ணு, மறுக்கா முதல்ல இருந்து வெச்சுக் குடு” என்றார். ‘அம்மணி’யிலிருந்து ‘கண்ணு’வாகியிருந்தேன். மீண்டும் மூடுபனி, மீண்டும் பஸ், மீண்டும் அதே இடம். இந்த முறை அவர் விரல் தயங்கவே இல்லை. ‘பேசாமல் இரு’ என்பதைத் தொட்டார்.

நான் வியப்போடு பார்த்தேன்.

“இந்த வாட்டி நானாத்தான் பேசாம இருக்கறேன் கண்ணு. யாரும் என் வாயை அடைக்கலை” என்றபடி போனை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே டீ போடப் போனார்.

அந்த அத்தியாயம் வெளியான பிறகும் வாசகர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பலர் ‘பேசாமல் இரு’ என்பதையே தொட்டார்கள் என்று மேலாளர் ஆச்சரியப்பட்டார். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இன்றும் சொல்லாத காதல்களைத்தான் எழுதுகிறேன். ஆனால் கதையிலானாலும் வீட்டிலானாலும், ஒருவரிடம் “உங்க இஷ்டம்” என்று சொல்ல வாயெடுக்கும்போது, முடிவை நிஜமாகவே அவர் கையில் விடுவதற்கு எனக்கு மனசிருக்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.