ஹானுஸின் சுட்டுவிரல்

ஹானுஸ் ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். மதியம் எங்கள் ஊர் கால்பந்து அணிக்காக மைதானத்தில் குப்புறப் படுப்பார். சிரிக்காதீர்கள். பரோயே தீவுகளின் காற்றுக்குப் பெனால்டி பந்து வைத்த இடத்தில் நிற்காது. ஒருவர் படுத்து விரலால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உதைக்க வேண்டும். வயதாகி ஓட்டம் போய்விட்டது. ஆனாலும் விரல் நடுங்காத மனிதர் என்று அவரை அணியில் வைத்திருந்தார்கள்.

அந்த வருஷக் கடைசி ஆட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி சுன்வா வாசலை மறித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை நம்ம பொண்ணு மர்யூனுக்குக் கல்யாணம். விரல ஒடிச்சுக்கிட்டு வந்தா ஆர்கன யாரு வாசிப்பா, உங்க தாத்தாவா?"

"பெனால்டி கிடைச்சாத்தானே படுக்கணும்? சும்மா இரு."

அதோடு விட்டாளா? மாப்பிள்ளை பார்தூருக்கும் போன் போட்டாள். எங்கள் அணியில் பெனால்டி உதைப்பவன் அவன்தான். அவனுக்கு இருப்பது காலா, இரும்பா என்று சந்தேகமே வரும்.

"மாமா விரல்ல உன் கால் பட்டுச்சுன்னு வை, அப்புறம் இருக்கு உனக்கு!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயிக்காவிட்டால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். ஆட்டம் சமனில் நிற்க, கடைசி நிமிடத்தில் வந்து தொலைத்தது பெனால்டி. ஹானுஸ் ஈரப் புல்லில் படுத்து, பந்தின் தலையில் சுட்டுவிரலை வைத்தார்.

"மாமா, விரலக் கொஞ்சம் தள்ளுங்க."

"தள்ளினா உருண்டுடும்டா."

"அத்த என்னைக் கொன்னே போட்டுடுவாங்க."

"அத்தைய நான் பாத்துக்கிறேன். நீ பந்த மட்டும் பாரு. ஓங்கி விடு!"

"டேய் மாப்ளே, பந்துக்குத் தாலாட்டா பாடுற?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

பார்தூர் ஓடி வந்தான். கடைசி அடி வரை அவன் கண் விரலை விட்டு அகலவில்லை. அந்த இரும்புக் கால், ஐயோ, பந்தைத் தடவிக் கொடுத்தது. எதிரணி கோலி குனிந்து, கீழே விழுந்த தொப்பியை எடுப்பதுபோல் அதை எடுத்துக்கொண்டான்.

அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம் முழுக்க, வேலை பார்க்கும் மீன் ஆலையில்கூட ஹானுஸிடம் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்துக்காவது வருவார்களா என்ற கவலையில் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

வந்தார்கள். தேவாலயம் நிரம்பி வழிந்தது. ஹானுஸ் முதல் பாட்டை எடுத்தார். பாட்டென்றால் கூரை அதிரப் பாடும் ஊர். பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாவம், மர்யூன் தலையைத் தொங்கப் போட்டாள். பார்தூரின் கழுத்து சிவந்துபோனது. மனுஷ ஜென்மங்களா இவர்கள்!

வியர்த்துக் கொட்ட, ஹானுஸ் முதல் அடியையே திரும்ப வாசித்தார்.

முன்வரிசையில் சுன்வா எழுந்து நின்றாள். சுருதிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கீச்சுக் குரலில், அழுதுகொண்டே, ஒற்றை ஆளாகப் பாடத் தொடங்கினாள்.

அதைக் கேட்ட பிறகுதான் ஹானுஸின் விரல் நடுங்கியது.