தகரம் அடித்த வகுப்பறை

காலை 6.40. திருகோணமலையில் புல்மோட்டை பஸ் ஏறினேன். குச்சவெளிக்கு முப்பத்து நாலு கிலோமீற்றர், நூற்றெழுபது ரூபா. என் இரண்டு பெயின்ற் வாளிகளையும் பார்த்த நடத்துனர், "அண்ணை, அதுகளுக்கும் சீற் வேணுமோ?" என்று கேட்டுவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். நான் பாடசாலைச் சுவர்களில் படம் வரைபவன். குச்சவெளிக்கு அப்பால் ஒரு சிறிய பாடசாலையில், அழகான வகுப்பறைப் போட்டிக்காக, மூன்றாம் தர வகுப்பின் சுவரைப் புதுப்பிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதைச் சுவராக்கியவனே நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் அது இடுப்பளவு அரைச்சுவர். மேலே வெறும் கம்பிவலை. "வலையில் எப்படிக் கிளி வரைவது? தகரம் அடித்துத் தாருங்கள்" என்று பெரிய மனிதன் போலச் சொன்னேன். அடித்துத் தந்தார்கள். கிளி, மயில், பெருக்கல் வாய்ப்பாடு என்று வரைந்து தள்ளினேன். ஊர் முழுக்க மெச்சியது. அந்தப் பெருமை குறையாமல்தான் பஸ்ஸில் இருந்தேன்.

8.10. இறங்கி அரைக் கிலோமீற்றர் நடை. ஆடி மாதம், கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அனலாக வீசியது. வகுப்புக்குள் கால் வைத்ததும் திடுக்கிட்டேன். ஆணி தளர்ந்த தகரங்கள் ஒவ்வொரு காற்றுக்கும் படபடவென்று அடித்தன. திலகா ரீச்சர் கத்திக் கத்திப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. பிள்ளைகள் வியர்த்துக் களைத்திருந்தார்கள்.

"எப்பவும் இப்பிடியோ, ரீச்சர்?"

"கச்சான் முடியுமட்டும் இப்பிடித்தான். என்ன செய்யிறது, படம் வடிவாக் கிடக்கே."

கேலி செய்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

மாதப் பரீட்சைப் புள்ளிப்படிதான் அங்கே வாங்கில், அதாவது பெஞ்சில், இடம். புள்ளி கூடினால் முன்வாங்கு, குறைந்தால் பின்வாங்கு. கடைசி வாங்கில், தகரத்தோடு ஒட்டினாற்போல் கவிநிலா என்றொரு சிறுமி இருந்தாள்.

"அவவுக்குப் படிப்பு ஏறாது. இந்த வருசம் முழுக்க அதே வாங்குதான்" என்றார் ரீச்சர். "இண்டைக்குத் தாய் வந்து பள்ளிக்கூடத்தால மறிக்கப்போறா. தம்பியப் பாக்க வீட்டில ஆளில்லையாம். நானும் சொல்லிப் பாத்து விட்டிட்டன்."

10.20. பெயின்ற் மணம் தாங்காமல் வகுப்பு பூவரச மரத்தடிக்குப் போனது. அங்கே வாங்கு ஏது? பிள்ளைகள் மண்ணில் அகப்பட்ட இடத்தில் இருந்தார்கள். கவிநிலா ரீச்சருக்கு அருகில் இருந்தாள்.

"ஆறெட்டு?" என்றார் ரீச்சர்.

"நாப்பத்தெட்டு." சொன்னது கவிநிலா.

"ஏழெட்டு?"

மற்றவர்கள் யோசிக்குமுன், "அம்பத்தாறு."

பக்கத்தில் இருந்த தகரத்தைப் பார்த்தே வாய்ப்பாடு முழுவதையும் படித்திருக்கிறாள். கேள்விதான் அவள் காதுக்கு எட்டவில்லை. ரீச்சர் எழுந்து அவளுக்குப் பின்னால் போய்ப் பெயரைச் சொன்னார். திரும்பவில்லை. குரலை உயர்த்தினார். திரும்பினாள்.

ரீச்சர் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். "கடவுளே, இந்தப் பிள்ளைய மொக்கெண்டெல்லோ நினைச்சனான்."

11.45. தாய் கைக்குழந்தையோடு வந்தாள். கடற்கரை வாடியில் மீன் வெட்டும் வேலையிலிருந்து நேராக வருகிறாள். ரீச்சர் நடந்ததைச் சொல்லி, பிள்ளையை மறிக்க வேண்டாம் என்று கெஞ்சினார்.

"சின்னனில அவளுக்குக் காதில சீழ் வடிஞ்சது. அதால முன்னுக்கு விடுங்கோ எண்டு நான் அப்பவே கேட்டனான், ரீச்சர். புள்ளி எடுத்தாத் தானா முன்னுக்கு வருவா எண்டனீங்கள்."

"ஓம், பிழை என்னிலதான். நாளைக்கே முன்வாங்கில விடுறன்."

"முன்வாங்கிலயும் இந்தத் தகரம் அடிக்குந்தானே? கழட்டுங்கோ. கழட்டினா எப்பிடியும் சமாளிச்சுப் பிள்ளைய விட்டிட்டுப் போறன்."

சத்தம் கேட்டு அதிபர் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. "வியாழக்கிழமை போட்டிக்குப் புள்ளி போட வருகினம், அம்மா. வெண்டாத்தான் புதுக் கட்டடம் கேக்கலாம். இப்ப கழட்ட ஏலாது. பிறகு பாப்பம்."

"பிறகு எண்டுதான் எனக்கு எல்லாரும் சொல்லுறது."

அவள் உடனே போய்விடவில்லை, வாசலில் நின்றாள். ரீச்சர் அதிபரைப் பார்த்தார், அதிபர் என்னைப் பார்த்தார். என் பையில் சுத்தியல் இருந்தது. தகரம் என் யோசனை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதிபர் இறங்கி வந்திருப்பார். நானோ காயாத பெயின்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரீச்சர் கவிநிலாவின் புத்தகப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். தாய் அதை மெதுவாக வாங்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்து நடந்தாள்.

2.30. வேலை முடிந்தது. அதிபர் போனில் படம் எடுத்தார். "நல்ல வடிவு, என்ன?" என்றார். "ஓம்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தும் கடலைப் பார்க்க மனம் வரவில்லை. என் வீடு பாலையூற்றில். என் மகளும் மூன்றாம் தரந்தான். அவளுடைய வகுப்புச் சுவரில் எத்தனை வண்ணத்துப்பூச்சி என்று கேட்டால் உடனே சொல்லுவேன், வரைந்தவன் நான். அவள் எந்த வாங்கில் இருக்கிறாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

கவிநிலாவின் தாய் எங்களிடம் கேட்டது பெரிய காரியமில்லை. பதினைந்து ஆணி, கால்மணி நேரம். சுத்தியல் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.