காரணத்தைக் காட்டும் என்று கேட்டேன்

பாதிப் பாடத்தில் மூச்சு வாங்கி, பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். சேலையூரில் குடியிருக்கும் கணக்கு டீச்சர் நான். வீசிங் என்று சொல்லி ஆறு மாதம் இன்ஹேலர் கொடுத்தார்கள். குறையவில்லை. ஜூலையில் ஒரு ஞாயிறு, ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தேன்.

தாம்பரத்தில் எக்கோ எடுத்தோம். கையில் பார்க்கும் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் குழாயில் அழுத்தம் ஏறியிருந்தது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் பெரிதாகிவிட்டது.

"இதயக் கோளாறு, நுரையீரல் நோய், ரத்தக் கட்டி, இப்படிப் பல காரணம் இருக்கும்மா. எதுனால வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் சரியான வைத்தியம் பண்ண முடியும்" என்றார் டாக்டர்.

உடைந்துபோனேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தலை பின்னிவிடக்கூடத் தெம்பில்லை. முழங்காலில் நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தே ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகம் கேட்கவே பயமா இருக்கு. காரணத்தையாவது காட்டும்." மூன்று வாரம் இதே ஜெபம்.

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: "கால் எப்பவாவது வீங்குச்சா?"

"இல்ல சார்" என்றேன்.

என் கணவர் ஸ்டீபன் டாக்டர் முன்னால் வாய் திறக்காதவர். அன்று, "வீங்குச்சு சார்" என்றார். "மூணு வருஷம் முன்னாடி இவ வண்டியிலேர்ந்து விழுந்தப்போ கால்ல மாவுக்கட்டு போட்டாங்க. பிரிச்சப்போ கெண்டைக்கால் நல்லா வீங்கியிருந்துச்சு. அடிபட்டதுதானேன்னு விட்டுட்டோம்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய், கரையாமல், குழாய்ச் சுவரோடு இறுகிக் கிடந்தது. "இந்த வகைய ஆபரேஷன்ல எடுக்கலாம்மா. ஆனா பெரிய ஆபரேஷன்" என்றார் டாக்டர். ஸ்டீபன் கையெழுத்துப் போட்டார். எட்டு மணி நேரம் சபையார் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் செயற்கை சுவாசக் குழாயை எடுத்தபோது, நானாக ஒரு மூச்சு இழுத்தேன். அழுதேன். ஸ்தோத்திரம் என்று சொல்லக் குரல் வரவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு. ஒருநாளும் விடுவதில்லை. ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு இருந்த ஒரு சகோதரிக்கு இன்னும் காரணம் பிடிபடவில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போனில் சேர்ந்து ஜெபிக்கிறோம். முன்பெல்லாம் எனக்காக மட்டுமே கேட்டவள் நான்.

மூச்சு வாங்கினால் வயசு, உடம்பு பெருத்துவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள். ஆண்டவரிடம் துணிந்து கேளுங்கள். கேட்ட கையோடு பரிசோதனைக்கும் போங்கள். அங்கேயும் அவர் இருக்கிறார், நான் கண்டேன்.